சோக்: துப்பாக்கிக் குழலின் வாய்ச்சுருக்கு

ஏற்காட்டுக் குளிரில் பழைய பைக் கிளம்பாவிட்டால் இழுப்பது சோக். டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தால் எலெக்ட்ரீஷியன் மாற்றச் சொல்வதும் சோக். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லையென்றால் "சோக் ஆயிடுச்சு" என்கிறோம். காபித் தோட்டத்தில் உரிமத்தோடு 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர் "லெஃப்ட்ல ஃபுல் சோக்" என்று சொல்லும்போதும் இதே சொல்தான். புதுச் சட்டையைப் பார்த்து "சோக்கா இருக்கே" என்போமே, அது மட்டும் வேறு குடும்பம். உருதுவின் ஷௌக் வழியாக வந்தது.

ஆங்கிலத்தில் சோக் என்பதன் முதல் பொருள் மூச்சு முட்டுவது, குரல்வளையை நெரிப்பது. பழைய ஆங்கிலத்தில் தாடையைக் குறித்த சொல்லோடு அதற்கு உறவு உண்டு. பிறகு காற்றோ மின்சாரமோ, எது போகும் வழியையும் மட்டுப்படுத்தும் உறுப்புக்கு அது பெயரானது.

12 போர் என்பது ஷாட்கன், ஒரே தோட்டாவிலிருந்து ரவை எனும் சிறு உலோகக் குண்டுகள் பலவற்றை வீசும் துப்பாக்கி. ரைஃபிள் குழலில் இருக்கும் முறுக்குப் பள்ளம் ஷாட்கன் குழலில் கிடையாது. உள்ளே வழவழவென்று இருக்கும். முனையில் கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் உள்விட்டம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுதான் சோக். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டை என்ன பருமன் இருக்குமோ, அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மி.மீ. ஃபுல் சோக் என்று பெரிதாகப் பேசப்படுவது அதில் 1 மி.மீ. குறைவு, அவ்வளவே.

அந்த 1 மி.மீ. என்ன செய்கிறது? தோட்டாவிலிருந்து கிளம்பிய ரவைக் கூட்டம் குறுகலில் நுழையும்போது வெளிவட்டத்து ரவைகள் உள்பக்கமாகத் தள்ளப்படுகின்றன. கூட்டம் சற்று நீள்கிறது. வெளியே வந்த பிறகு பக்கவாட்டில் விரிவது தாமதமாகிறது. சோக் இல்லாத சிலிண்டர் குழலில் ரவைகள் சுமார் 23 மீட்டரிலேயே ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஃபுல் சோக்கில் அதே விரிவுக்குச் சுமார் 36 மீட்டர் ஆகும். வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. "ஃபுல் போட்டா பவர் ஜாஸ்தி" என்பது வெறும் பேச்சு.

1866இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த துப்பாக்கி செய்பவர் வில்லியம் ரோசெஸ்டர் பேப் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1868இல் அமெரிக்கர் சில்வெஸ்டர் ரோப்பர் கழற்றி மாட்டும் வகைக்குப் பெற்றார். 1870களில் துப்பாக்கி செய்பவர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் இதைப் பரவலாக்கினார்.

தமிழில் என்ன சொல்லலாம்? நெரிப்பு என்பது அகராதிப்படி சரி, ஆனால் இங்கே எதுவும் நெரிபடவில்லை. அடைப்பான் என்பதை ஏற்கவே முடியாது. குழலுக்குள் அடைப்பு என்றால் துணியோ சேறோ குளவிக்கூடோ சிக்கியிருப்பது. அந்த நிலையில் சுட்டால் குழல் வெடிக்கும். ஓர் ஆபத்தின் பெயரை ஓர் உறுப்புக்கு வைக்கக் கூடாது. சுருக்குப்பையின் வாயை இழுத்தால் வழி குறுகுமே தவிர மூடிவிடுவதில்லை. அந்தச் சுருக்குதான் பொருத்தம்: வாய்ச்சுருக்கு. குழலோடு கடைந்தே வருவது நிலைச்சுருக்கு, திருகி மாட்டுவது திருகுச்சுருக்கு. துப்பாக்கி துருக்கியிலிருந்தும் தோட்டா உருதுவிலிருந்தும் வந்து தங்கிவிட்ட மொழியில் சோக் என்றே எழுதினாலும் குற்றமில்லை. அடைப்பான் மட்டும் வேண்டாம்.

படிநிலைகளின் பெயர்களை ஆங்கிலத்திலேயே புழங்குகிறோம். 12 போருக்குத் தோராயமான குறுக்கம்: ஸ்கீட் 0.13 மி.மீ., இம்ப்ரூவ்டு சிலிண்டர் 0.25, மாடிஃபைடு 0.5, இம்ப்ரூவ்டு மாடிஃபைடு 0.75, ஃபுல் 1. சோதிக்கும் தூரம் 40 கெஜம், அதாவது 36.5 மீட்டர். காகிதத்தில் ரவை அடர்ந்த இடத்தை நடுவாக வைத்து 76 செ.மீ. விட்டத்தில் வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ண வேண்டும். சிலிண்டரில் 40 சதவீதம், மாடிஃபைடில் 60, ஃபுல்லில் 70 வட்டத்துக்குள் விழுந்தால் பெயருக்கு ஏற்ற வேலை நடக்கிறது. 24 கிராம் தோட்டாவில் 2.4 மி.மீ. ரவை சுமார் 300 இருக்கும். ஃபுல்லுக்கு 210 ஓட்டை வர வேண்டும். ஒரே காகிதத்தை நம்பாமல் ஐந்து காகிதம் சுட்டுச் சராசரி பாருங்கள். இதையெல்லாம் அனுமதி பெற்ற பயிற்சிக் களத்தில் செய்ய வேண்டும், எஸ்டேட் சரிவில் அல்ல.

திருகுச்சுருக்கு என்பது குழலின் முனையில் மாட்டும் சிறு குழாய். அந்தக் குழாயின் வாயில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் பலரைக் குழப்புகின்றன. ஒரு பள்ளம் என்றால் ஃபுல், நான்கு என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். எண்ணிக்கை கூடினால் வாய் அகலம் என்று பொருள். இன்னொன்று, எழுதியிருக்கும் பெயரைவிட குழலுக்கும் சுருக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. சில துப்பாக்கிகளின் குழலே 18.8 மி.மீ.க்கு அருகில் அகலமாகக் கடையப்பட்டிருக்கும். இரண்டையும் அளந்து கழித்துப் பாருங்கள்.

எதை மாட்டுவது என்பது தூரத்தைப் பொறுத்தது. வானில் எறியப்படும் தட்டைச் சுடும் ஸ்கீட் போட்டியில் தட்டு சுமார் 20 மீட்டருக்குள் உடைபடும். சிலிண்டரோ ஸ்கீடோ போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்ட டிராப் பிரிவில், 110 மி.மீ. அகலத் தட்டு சுடுபவரை விட்டு விலகிப் பறந்துகொண்டே இருக்கும். அங்கே இம்ப்ரூவ்டு மாடிஃபைடும் ஃபுல்லும்தான் வழக்கம். கடையில் எடுத்த எடுப்பில் ஃபுல் கேட்பவர்கள் 20 மீட்டரில் அதை மாட்டிச் சுட்டால், ரவை குறுகிய கூட்டமாகத் தட்டைத் தாண்டிப் போவதைத்தான் பார்ப்பார்கள். வேட்டைக்கு எது நல்லது என்ற கேள்விக்கு இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பேச்சை முடித்துவிட்டது.

உரிமப் புத்தகத்தில் டிபிபிஎல் (டபுள் பேரல் பிரீச் லோடிங், பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல்) என்று எழுதியிருக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலும் நிலைச்சுருக்குதான். வழக்கமாக வலக்குழல் அகலம், இடக்குழல் இறுக்கம். மாற்ற ஒன்றுமில்லை. திருகு வகை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரை. பெரெட்டாவின் மொபில்சோக் குழாய் பிரௌனிங் இன்வெக்டர் பிளஸ் குழலில் சேராது. இன்வெக்டரும் இன்வெக்டர் பிளஸுமே ஒன்றுக்கொன்று சேராது. ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டது என்பதற்காக அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

மாட்டும்போது துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டா அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். குழலின் மரையை நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். குழாயின் மரையில் மட்டும் மாலிப்டினம் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, கையால் முழுவதும் திருகி, கடைசியில் அதற்கான திருகுசாவியால் லேசாக இறுக்கினால் போதும். பிறகு பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். குழாயின் பின்விளிம்பு குழலுக்குள் உள்ள படியில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே வளையம் போல ஒரு விளிம்பு துருத்தித் தெரிந்தால் சுடக் கூடாது. அந்த விளிம்பில் ரவை மோதும், இடுக்கில் வாயு புகும். குழாய் பிய்த்துக்கொண்டு போகும் அல்லது குழல்முனை உப்பும். 25 தோட்டாவுக்கு ஒருமுறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு இறுக்கத்தைச் சரிபாருங்கள். குழாயே மாட்டாமல் சுடுவதும் தவறு, மரை அரிக்கும். எஃகு ரவை ஈயம்போல் நசுங்காது. எஃகுக்கு உகந்தது என்று பொறிக்காத ஃபுல் குழாயில் அதைச் சுடாதீர்கள்.

மலையில் இன்னொரு தொல்லை. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே நின்று திரும்பி வரும்போது, சேர்வராயன் மலையின் ஈரமும் பழைய புகைக்கரியும் சேர்ந்து குழாய் இறுகியிருக்கும். ஒப்படைக்கும் முன்பே கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி மறுபடி மாட்டிக் கொடுங்கள். இறுகிவிட்டால், காலி என்று உறுதி செய்த துப்பாக்கியின் முனையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முனை கீழே இருக்கும்படி ஓர் இரவு வையுங்கள். காலையில் அதற்கான சாவியைப் போட்டுத் திருகுங்கள். பைப் ரெஞ்சு வேண்டாம், நெருப்புக் காட்டவும் வேண்டாம். குழலின் முனை மெலிதானது, நீள்வட்டமாக நசுங்கினால் திரும்பாது.

எஃகாலை இருக்கும் சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. எவர்சில்வர் தண்டில் ஒரு குழாய் கடைந்து வாங்கலாம் என்ற யோசனை எளிதில் வரும். மையம் மயிரிழை விலகினாலே ரவை ஒரு பக்கமாகப் போகும். தவிர, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. குழலை வெட்டிக் குறைப்பது 6ஆம் பிரிவில் வருகிறது. நிலைச்சுருக்குக் குழலில் மரை வெட்ட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். பழைய குழலின் சுவர் பல நேரம் மரைக்கு இடம் கொடுக்கும் அளவு தடிமனாக இருக்காது. அதை அளந்துவிட்டு அவரே முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.