ஆம்னி பஸ்ஸும் நாலாம் வேற்றுமையும்

போன வாரம் அம்மாவோட மருந்துச் சீட்டை கைல வச்சு பாத்துட்டு இருந்தேன். ஒரு மாத்திரைக்கு நேரா பிடி, இன்னொண்ணுக்கு டிடிஎஸ், கடைசில வலி மாத்திரைக்கு எஸ்ஓஎஸ். டிடிஎஸ்னா எனக்கு சம்பளத்துல பிடிக்கிற வரிதான் தெரியும், எஸ்ஓஎஸ்னா முழுகுற கப்பல். ஆனா இது மூணுமே லத்தீன். பிஸ் டியேனா நாள்ல ரெண்டு தடவை, தேர் டியே சூமெந்தும்னா நாள்ல மூணு தடவை எடுத்துக்கணும், சி ஓபுஸ் சித்னா தேவைப்பட்டா, அவ்ளோதான்.

லத்தீன்ல எல்லாம் இப்படி சுருக்கமா முடியறதுக்கு காரணம் சொல்லோட வாலு. நாளுக்கு லத்தீன்ல டியெஸ், கடைசி ஸ்ஸை எடுத்துட்டு டியேனு சொன்னா 'நாள்ல'. சட்டசபையை சைனி டைனு ஒத்தி வைக்கிறாங்களே, அதுலயும் இதே டியேதான் இருக்கு, நாள் இல்லாமனு அர்த்தம், நம்ம பேப்பர்காரங்க அழகா 'தேதி குறிப்பிடாமல்'னு போடுவாங்க. காலேஜ்ல வாங்குற போனஃபைட் சர்டிஃபிகேட்டும் அதே கணக்கு: ஃபிதேஸ்னா நம்பிக்கை, ஸ் போயி ஃபிதே ஆனா நம்பிக்கையோட, முன்னாடி போனா சேந்தா நல்லெண்ணத்தோட.

இதெல்லாம் இங்கிலீஷ்காரங்களுக்குதான் புதுசு, ஐ, ஆல், கு, இன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண நமக்கு என்ன அதிசயம். 'நாய் மனுஷனைக் கடிச்சுது'ங்கறதை 'மனுஷனை நாய் கடிச்சுது'னு மாத்திப் போட்டாலும் கடி வாங்கினது மனுஷன்தான், ஏன்னா ஐ அவன் கூடவே போகுது. லத்தீன்லயும் கானிஸ் ஹோமினெம் மோர்தெத்னு சொல்லு, ஹோமினெம் கானிஸ் மோர்தெத்னு சொல்லு, அந்த எம் இருக்கற வரைக்கும் கடி ஹோமினெமுக்குத்தான். இங்கிலீஷ்ல இடம் மாத்தினா மனுஷன் நாயைக் கடிச்சிருப்பான்.

வினைச்சொல்லும் அப்படித்தான். கிமு 47ல ஜேலாங்கற எடத்துல (இப்ப துருக்கில இருக்கு) பொந்துஸ் ராஜாவை ஒரே சண்டைல தோக்கடிச்சிட்டு சீசர் சொன்னதா வர்ற வேனி, வீடி, வீசி லத்தீன்ல மூணே சொல்லு. தமிழ்லயும் வந்தேன், கண்டேன், வென்றேன்னு மூணுதான், இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் ஐ போட்டு ஆறு ஆகுது. 'நான்'ங்கறது வால்லயே இருக்கே, தனியா எதுக்கு. கோர்ட்ல கேக்குற மாண்டமஸ் (அதிகாரி தன் கடமையைச் செய்யணும்னு போடுற உத்தரவு) பாருங்க, மஸ்ங்கறது நம்ம 'ஓம்' மாதிரி, மொத்தமா 'ஆணையிடுகிறோம்'. வீடியோனா 'பார்க்கிறேன்', ஆடியோனா 'கேட்கிறேன்', இந்த ரெண்டையும் யாரும் ஸ்கூல்ல சொல்லித் தரல, எனக்கு அதான் கோவம்.

இங்கிலீஷ்ல முட்டாளைத் திட்டுற இக்னோராமஸ்தான் இதுல காமெடி. இங்கிலாந்துல அந்தக் காலத்துல ஒரு குற்றச்சாட்டுக்கு சாட்சி போதலன்னா ஜூரி அந்த பேப்பர் முதுகுல இக்னோராமஸ்னு எழுதுவாங்களாம், 'எங்களுக்குத் தெரியாது'னு. 1615ல கேம்ப்ரிட்ஜ்ல ராஜா முன்னாடி போட்ட ஒரு நாடகத்துல ஒண்ணும் தெரியாத வக்கீலுக்கு அதையே பேரா வச்சாங்க, அதுலேர்ந்து முட்டாளுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. 'தெரியாது'னு நேர்மையா சொன்ன வினைச்சொல், திட்டுற பெயர்ச்சொல்லா போச்சு.

ஆனா ஒரு எடத்துல நாம வேற அவங்க வேற. நாம மணி கோக்கற மாதிரி ஒண்ணொண்ணா சேப்போம், 'வீடுகளுக்கு'ல கள் தனி, உக்கு தனி. லத்தீன்ல பன்மையும் நாலாம் வேற்றுமையான கு உருபும் ஒரே வால்ல கரைஞ்சு கெடக்கும், பிரிச்சு எடுக்க முடியாது. ஓம்னிஸ்னா 'எல்லாம்', ஓம்னிபுஸ்னா 'எல்லாருக்கும்', அந்த புஸ்தான் வாலு. 1826ல ஃப்ரான்ஸ்ல நான்த்ங்கற ஊர்ல யார் வேணா காசு குடுத்து ஏறலாம்னு ஓடின குதிரை வண்டிக்கு ஓம்னிபுஸ்னு பேரு வந்துச்சு. லண்டன்ல தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வச்சுக்கிட்டாங்க, அதான் பஸ். இலக்கணப்படி பாத்தா பஸ் ஸ்டாண்டுல நின்னு நாம 'களுக்கு வந்துருச்சா'னுதான் கேக்குறோம்.

தமிழ்நாட்டுல மட்டும் வெட்டின தலை இன்னும் ஓடுது, ஆம்னி பஸ்னு. பேரு 'எல்லாருக்கும்', தீபாவளிக்கு மொத நாள் மதுரைக்கு டிக்கெட் ரேட் பாத்தீங்கன்னா அந்த 'எல்லாரும்' யாருன்னு தெரியும்.