லாரி மிஸ் அடிக்கிறதா? பம்பில் கை வைப்பதற்கு முன்

"நல்லாத்தான் ஓடுது, திடீர்னு மிஸ் அடிக்குது, ஏத்தத்துல புல்லிங்கே இல்ல." மிஸ் அடிப்பது என்றால் ஏதாவது ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது. இந்தப் புகாரோடு வரும் பழைய டீசல் லாரிகள் பலவற்றில், என் கைக்கு வரும் முன்பே எஃப்.ஐ. பம்பை (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) கழற்றி காலிபரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு, செய்திருப்பார்கள். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலும் புதிதாக இருக்கும். பணம் போனதுதான் மிச்சம். பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சர் தேய்ந்திருந்தால், அது வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நிறுத்தியதால் சரியாகிவிடாது. கோளாறு வந்து வந்து போகிறதென்றால் பெரும்பாலும் காற்று, தண்ணீர், அழுக்கு இவற்றில் ஏதோ ஒன்று டீசலோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

டிரைவரிடம் நான் முதலில் கேட்பது புகையின் நிறத்தைத்தான். கரும்புகை தள்ளிக்கொண்டு இழுவை குறைந்தால் டீசல் போகிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் ஃபில்டரையும் ஹோஸ்களையும் பாருங்கள். மிஸ் அடிக்கும்போது வெள்ளைப்புகை வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. புகையே இல்லாமல் வண்டி படுத்துவிட்டால் டீசல் வரத்தே குறைவு.

வரத்துக் குறைவை டாங்கிலிருந்து தேடத் தொடங்குவேன். மூடியில் இருக்கும் வென்ட் (காற்று போகும் துளை) அடைத்துக்கொண்டால், ஓட ஓட டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். வண்டி தொய்யும் நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு அங்கேதான். உள்ளே உறிஞ்சும் குழாயின் வலையில் கசடு ஒட்டினாலும் இதே கதைதான். நிறுத்தியதும் கசடு உதிரும், மறுபடி நன்றாக ஓடும்.

அதிகம் ஏமாற்றுவது காற்று. டாங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள லைன், இன்ஜின் ஓடும்போது உறிஞ்சு பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவைத் தேடி ஈரம் பார்ப்பவர்கள் "எல்லாம் காய்ஞ்சுதான் இருக்கு" என்று விட்டுவிடுவது இதனால்தான். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி இன்ஜினை ரேஸ் செய்யுங்கள். குமிழிகள் வரிசையாக ஓடினால் ஒவ்வோர் இணைப்பாகப் பின்னோக்கிப் போக வேண்டியதுதான். பழைய காப்பர் வாஷரையே மறுபடி போட்ட பேன்ஜோ போல்ட் (டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள போல்ட்), கிளிப்புக்கு அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ், கையால் அடிக்கும் பிரைமரின் சீல் இவைதான் வழக்கமான இடங்கள். டாங்க் நிறைந்திருந்தால் தொல்லையில்லை, பாதிக்குக் கீழே இறங்கினால் மிஸ் என்றால் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயே விரிசல் விட்டிருக்கலாம்.

இன்ஜின் ஐடிலிலும் ஒரே சீராகத் தடுமாறினால் எந்தச் சிலிண்டர் என்று பார்க்கலாம். பம்பிலிருந்து நாசிலுக்கு வரும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லாவிட்டால் அதுதான் செத்தது. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், போகாவிட்டால் வால்வு கிளியரன்ஸ் (வால்வின் இடைவெளி), கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) போன்றவற்றைப் பாருங்கள்.

இதை மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் மட்டுமே செய்யலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பீய்ச்சும் இடத்தில் கை வேண்டாம். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிக்குத்து அளவுதான் தெரியும், ஆனால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

மிஸ் ஏதும் இல்லாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால் இன்ஜினை விட்டு வெளியேயும் பாருங்கள். ஓடி நின்றதும் ஒரு வீல் டிரம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடி ஓடியிருக்கிறது. அடுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க, பம்ப் லீவர் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். தொடவில்லையென்றால் மிதியையும் பம்பையும் இணைக்கும் லிங்கில் புஷ் தேய்ந்திருக்கலாம், அப்படியானால் அதை மாற்றினால் போதும்.