மல்லிகை மணம் எந்த நேரத்தில் உருவாகிறது?

காலையில் மதுரைப் பூச்சந்தையில் குவிந்து கிடக்கும் குண்டுமல்லி மொட்டு ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பச்சை வாடைதான் தூக்கலாக இருக்கும். அதே மொட்டு பொழுது சாய்ந்து வெடித்ததும் வீடு முழுக்க மணக்கிறது. அதுவரை அந்த மணம் எங்கே இருந்தது?

துளசி இலையிலும் எலுமிச்சைத் தோலிலும் எண்ணெயைச் சேர்த்து வைக்கும் நுண்ணிய பைகள் உண்டு. கசக்கினால் உடைந்து மணக்கும். மல்லிகையில் அப்படிச் சேமிப்பு கிடையாது. லினலூல் போன்ற மணப்பொருள்கள் மொட்டுக்குள் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கின்றன. சர்க்கரை ஒட்டியிருக்கும்வரை அவை ஆவியாகாது. ஆவியாகாத எதையும் மூக்கால் உணர முடியாது. இதழ் விரியும் வேளையில் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. மல்லிகை மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பென்சைல் அசிட்டேட்டும் அந்த நேரத்தில்தான் இதழ்களில் மளமளவென்று தயாராகிறது. பூ விரிய விரியத்தான் மணம் உண்டாகிறது. மல்லிகைத் தொழில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சரி, அந்த மணத்தில் என்னென்ன இருக்கிறது? பென்சைல் அசிட்டேட் பழ வாசனையோடு இனிக்கும். லினலூல் அதற்குக் குளிர்ச்சி தரும். இவை இரண்டை மட்டும் கலந்தால் மல்லிகை வராது, வெறும் இனிப்புதான் வரும். அதை மல்லிகையாக்குவதில் பெரும்பங்கு இண்டோலுக்கு. தனியாக, செறிவாக முகர்ந்தால் அந்துருண்டை நெடியடிக்கும் பொருள் இது, மலத்திலும் இருக்கிறது. ஆனால் மிகச் சிறு அளவில் மற்ற பொருள்களோடு சேரும்போது பூவுக்கு உயிர் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், மல்லிகை வேதியியலில் இதைவிட வியப்பானது எதுவும் இல்லை.

குண்டுமல்லியும் பிச்சியும் வேறு வேறாக மணப்பதற்கும் காரணம் கலவைதான். குண்டுமல்லியில் மீத்தைல் ஆந்த்ரனிலேட்டும் ஃபார்னசீனும் கூடுதல். இதில் முன்னது, திராட்சைச் சுவை மிட்டாய்களில் போடும் அதே பொருள். சில பகுதிகளில் ஜாதிமல்லி என்று சொல்லும் பிச்சியில் சிஸ்-ஜாஸ்மோன் என்ற மணப்பொருளின் கை ஓங்கியிருக்கும்.

பிச்சி எண்ணெயிலிருந்து 1962இல் மீத்தைல் ஜாஸ்மோனேட் பிரித்தெடுக்கப்பட்டது. அளவு சொற்பம்தான், ஆனால் அது காட்டிய வழி பெரிது. புழு கடித்த செடி தன் தற்காப்பை முடுக்கிவிடப் பயன்படுத்தும் சமிக்ஞைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. காற்றில் வரும் அதன் ஆவி பட்டாலே தக்காளி இலைகள் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தயாரிப்பதை ஃபார்மர், ரயன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் காட்டினார்கள். அதன் மூலக்கூறை ஒட்டி உருவாக்கிய ஹெடியோன் என்ற செயற்கைப் பொருள் 1966இல் ‘ஓ சாவாஜ்’ வாசனைத் திரவியத்தில் இடம்பிடித்தது. இன்று எண்ணற்ற சென்ட்டுகளில் இருக்கிறது.

இனி, பூவிலிருந்து மணத்தை எடுக்கும் வேலை. நீராவியில் காய்ச்சினால் மல்லிகையின் மென்மையான மணம் கெட்டுவிடும். பிரான்சின் கிராஸ் நகரில் முன்பு கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்பி வைத்தார்கள். பறித்த பின்னும் பூவுக்கு உயிர் இருப்பதால் அது தொடர்ந்து மணத்தை வெளியிடும், கொழுப்பு அதை வாங்கிக்கொள்ளும். ஒரே எடைப் பூவில், மணத்தைக் கரைத்தெடுக்கும் திரவமான கரைப்பானில் கிடைப்பதைவிடக் கொழுப்பில் பல மடங்கு எண்ணெய் கிடைப்பதை 1900களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் வேதியியலாளர் அளந்து காட்டினார். ஆனால் தினமும் பழைய பூவை எடுத்துப் புதிது வைக்க ஆள்கூலி கட்டுப்படியாகவில்லை. அந்த முறை வழக்கொழிந்தது.

இப்போது ஹெக்ஸேன் என்ற கரைப்பான்தான். அதில் விழுந்ததும் பூ செத்துவிடும், அதற்குமேல் மணம் சுரக்காது. அந்த நொடியில் பூவில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். அதனால்தான் பகலில் வாங்கிய குண்டுமல்லி மொட்டுகளைத் தமிழ்நாட்டு ஆலைகளில் உடனே தொட்டியில் கொட்டுவதில்லை. குவியலாக விட்டால் சூடேறிக் கெடும் என்பதால் மெல்லிசாகப் பரப்பி வைத்து, இரவில் மலர்ந்த பிறகே கரைப்பானில் இடுகிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு போன்ற ‘கான்கிரீட்’. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிர்வித்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலை நீக்கினால் ‘அப்சல்யூட்’. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். பிச்சிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இரவில் செடியிலேயே மலர்ந்துவிடுவதால், ஆலைக்குப் போகும் பிச்சியை வெயில் ஏறுமுன் பறித்து நேரே அனுப்பிவிடுகிறார்கள்.