ஆர்கேட் பெட்டியின் பிக்சர் டியூபைக் கழற்றாதீர்கள்

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி, அதாவது ஆர்கேட் பெட்டி, ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் செய்வது, உள்ளே இருக்கும் கனமான பிக்சர் டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்சிடி திரை மாட்டுவது. பெட்டி ஓடும், ஆட்டமும் வரும். ஆனால் அந்த ஆட்டங்களின் படங்கள் எந்தத் திரைக்காக வரையப்பட்டனவோ, அந்தத் திரை போய்விடும். டியூபை அப்படியே வைத்துக்கொண்டு கணினியையும், பழைய கேம் போர்டைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளையும் உள்ளே பொருத்தலாம். பெட்டியின் வயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். திரைக்குப் போகும் சிக்னலிலும் உங்கள் உயிரிலும் கவனம் வேண்டும். உயிர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுவோம்.

19 முதல் 25 அங்குலம் வரையிலான வண்ண டியூபின் ஆனோடு முனையில், அதாவது ரப்பர் மூடி போட்ட உயர்மின் இணைப்பில், ஏறத்தாழ 20,000 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் கண்ணாடியே கெப்பாசிட்டராக நின்று அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். காப்பிட்ட பிடியுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒரு வயரை கிளிப் போட்டு, மறுமுனையை டியூபின் பின்புறத்தைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்ட வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை அந்த ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். ‘டப்’ என்று சத்தம் வரலாம். சில நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். கண்ணாடியில் மிஞ்சிய சார்ஜ் திரும்பவும் சேர்ந்திருக்கும். கிளிப்பை மானிட்டர் போர்டில் எங்காவது மாட்டினால் அந்த வீச்சு ஐசிகளை எரித்துவிடும். மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பழைய டிவி பழுதுபார்த்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பல ஆர்கேட் மானிட்டர்களின் சேஸிஸ், அதாவது டியூபை ஓட்டும் சர்க்யூட் பகுதி, நேரடியாக மெயின் லைனோடு தொடர்புடையது. அதனால்தான் அதை மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் இருக்கிறது. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியப் பெட்டி 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டிருக்கும். நம் 230 வோல்ட்டில் ஓட்டக் கடையில் விற்கும் சாதாரண ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் பெரும்பாலும் மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்காது. அதை வாங்கிய தைரியத்தில் உள்ளே இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினால், கணினியின் உலோக உடம்பிலேயே ஷாக் அடிக்கும்.

வயரை வெட்டாமல் வேலையை முடிக்க முடிவதற்குக் காரணம் ஜம்மா என்ற இணைப்பு முறை. ஜப்பானின் ஆர்கேட் தயாரிப்பாளர் சங்கம் 1985-ல் வகுத்த தரம் இது. 3.96 மில்லிமீட்டர் இடைவெளியில், பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள். கேம் போர்டுக்கு வரும் மின்சாரம், திரைக்குப் போகும் படம், ஸ்பீக்கர், ஜாயிஸ்டிக், பட்டன், காசுப் பெட்டி எல்லாம் இந்த ஒரே கனெக்டர் வழியாகத்தான். போர்டை உருவிவிட்டு அதே இடத்தில் ஜே-பேக் போன்ற அடாப்டரைச் செருகினால் பெட்டியின் பக்கம் பாதி வேலை முடிந்தது. உருவிய போர்டை ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

செருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஜம்மா கனெக்டரின் 1, 2-வது முனைகள் கிரவுண்ட், 3, 4-ல் 5 வோல்ட், 5-ல் மைனஸ் 5, 6-ல் 12. சுமை இல்லாமல் சில பழைய பவர் சப்ளைகள் தப்பான அளவைக் காட்டும், அதை வைத்து வோல்ட் திருகைத் திருகிவிடாதீர்கள். 7-வது இடத்தில் முனை இருக்காது. தலைகீழாகச் செருகாமல் தடுக்கும் சின்னக் கட்டை அங்கேதான் உட்காரும். பல கைமாறிய பெட்டிகளில் அது விழுந்து போயிருக்கும். அப்போது கனெக்டரைத் திருப்பிச் செருகினால் 12 வோல்ட் போய் நிற்பது இரண்டாவது பட்டனுக்கான முனையில்.

பட்டன்களின் கதை எளிது. ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு கால் கிரவுண்டில் இருக்கிறது; அழுத்தினால் அதற்குரிய முனை கிரவுண்டோடு சேரும். அடாப்டர் அதைக் கவனித்து, யுஎஸ்பி வழியாகக் கீபோர்டு எழுத்தாகக் கணினிக்கு அனுப்புகிறது. மாமே எமுலேட்டரில் காசு போடுவது 5, ஆட்டத்தைத் தொடங்குவது 1 என்பது இயல்பு அமைப்பு. பட்டன்களை இப்படிக் கணினிக்குச் சொல்லும் தனி என்கோடர் போர்டு வாங்குவதாக இருந்தால் அது நொடிக்கு எத்தனை முறை பட்டன் நிலையைச் சொல்கிறது என்று பாருங்கள். 125 முறை என்றால் 8 மில்லிசெகண்டு வரை தாமதம். திரையில் ஒரு ஃபிரேமே, அதாவது ஒரு படமே, 16.7 மில்லிசெகண்டுதான். 1,000 முறை சொல்வதாக இருந்தால் தாமதம் 1 மில்லிசெகண்டு. ஜம்மா தரத்தில் ஆளுக்கு 3 பட்டன்தான். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு 6 வேண்டும் என்பதால் மீதி மூன்றுக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும்.

இப்போது திரை. ஆர்கேட் மானிட்டரின் எலக்ட்ரான் கற்றை நொடிக்குச் சுமார் 15,700 கிடைக்கோடுகளை வரைகிறது. அதை 60 படங்களுக்குப் பங்கிட்டால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 262 கோடு. கண்ணுக்குத் தெரிபவை 224 அல்லது 240. கணினியின் விஜிஏ வெளியீடு மிகக் குறைந்த நிலையிலேயே 31,500 கோடு, அதாவது இரண்டு மடங்கு. அதை அப்படியே கொடுத்தால் படம் இரண்டாகக் கிழிந்து அருகருகே நிற்கும், சேஸிஸ் கீச்சென்று கத்தும், நேரம் போனால் கிடைக்கோடுகளை ஓட்டும் ஹாரிசாண்டல் டிரான்சிஸ்டர் எரியும். விண்டோஸை எவ்வளவு சரியாக அமைத்தாலும் கணினி விழித்தெழும்போது வரும் பயாஸ் திரை 31,500-தான். அதனால் அதிக வேக சிக்னலைத் தானாகத் தடுக்கும் அடாப்டரையே தேர்ந்தெடுங்கள்; ஜே-பேக் அதைச் செய்கிறது.

வேகம் சரியானாலும் படம் மங்கலாக வரும். விஜிஏ ஒவ்வொரு நிறத்துக்கும் 0.7 வோல்ட்தான் தருகிறது. ஆர்கேட் மானிட்டர் எதிர்பார்ப்பது சில வோல்ட். நடுவில் வீடியோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பிரைட்னஸைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், அவ்வளவுதான். கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லி, கணினியிலிருந்து தனித்தனியாக வரும் கிடை, நெடு சிங்க் சிக்னல்களையும் ஒன்றாக்க வேண்டும். ஜம்மாவில் சிங்க்குக்கு ஒரே முனை.

இதற்கு மேல் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. ஆர்கேட் ஆட்டங்கள் எல்லாம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படங்களாக, ஓடியவை அல்ல. பாக்-மேன் 60.6, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கிட்டத்தட்ட 59.6, ஆர்-டைப் 55, மார்ட்டல் காம்பாட் 54.7. மார்ட்டல் காம்பாட்டை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் இரண்டு தடவை வரும். பின்னணி நகரும்போது படம் விட்டுவிட்டுத் துள்ளும். ஆட்டத்தை 60-க்கு இழுத்தால் பத்து சதவீதம் வேகமாக ஓடும். டியூப் இப்படி ஒரே எண்ணில் அடங்குவதல்ல. வருகிற சிக்னலின் தாளத்துக்கு அது இணங்கும். க்ரூவிமாமே என்ற மாமே வடிவம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் அசல் கோடுகளையும் அசல் ஹெர்ட்ஸையும் கணக்கிட்டு அனுப்புகிறது. விண்டோஸில் இதற்கு சிஆர்டி எமுடிரைவர் என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் வேண்டும். அது குறிப்பிட்ட ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டுகளில்தான் வேலை செய்யும் என்பதால், கார்டை வாங்கும் முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் மாறும்போது படத்தின் உயரம் லேசாகக் கூடிக் குறைந்தால் சேஸிஸின் வெர்ட்டிகல் திருகில் நடுவாக ஓர் இடம் பிடிக்கலாம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் படம் 384 புள்ளி அகலம், 224 கோடு உயரம். சதுரப் புள்ளிகளுள்ள எல்சிடியில் அப்படியே காட்டினால் வீரர்கள் குண்டாகத் தெரிவார்கள். 4-க்கு 3 விகித டியூபில் அந்த 384 புள்ளிகள் நெருங்கி உட்கார்ந்து, உடம்பு ஓவியர் நினைத்த அளவுக்கு வந்துவிடுகிறது. கோடுகளுக்கு இடையே மெல்லிய இருட்டு, புள்ளிகளின் ஓரத்தில் ஒன்றோடொன்று கலக்கும் ஒளி: நான்கைந்து நிறங்களில் போட்ட நிழல் அங்கே தசையாகத் தெரிகிறது.

படம் ஓரங்களில் நெளிந்தாலோ மேல்பகுதி மடிந்து வந்தாலோ எமுலேட்டர் அமைப்பைத் தோண்டாதீர்கள். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் பெரும்பாலும் காரணம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை பார்த்து மாற்றுங்கள். துருவம் மாறக் கூடாது.

மாமேயை 1997 பிப்ரவரியில் வெளியிட்டவர் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா. அது ஆட்டத்தை மறுபடி எழுதுவதில்லை. போர்டையே மென்பொருளில் கட்டுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஒரு 68000 பிராசசர், ஒலிக்கு ஒரு இசட்-80, ஒலிச் சில்லுகள் எல்லாவற்றையும் துண்டுதுண்டான நேரத்தில் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. ரோம் கோப்புகள் அந்த போர்டின் சில்லுகளில் இருந்த தரவு, ஒரு சில்லுக்கு ஒரு கோப்பு. மாமே பதிப்புக்குப் பதிப்பு அந்தப் பட்டியல் திருத்தப்படுவதால், பழைய ரோம் தொகுப்பு புதிய மாமேயில் ‘கோப்பு இல்லை’ என்று நிற்கும். மாமே 2016 முதல் திறமூல மென்பொருள். ஆட்டங்களின் காப்புரிமை இன்னும் உரியவர்களிடமே இருக்கிறது.

பாக்-மேன் ஓட்டுவதானால் ஜாயிஸ்டிக்கின் அடியில் உள்ள தடுப்புத் தகட்டை நான்கு திசைக்குத் திருப்புங்கள். எட்டுத் திசையில் விட்டால் மூலைப் பக்கம் சாயும்போது இரண்டு ஸ்விட்ச் சேர்ந்து அழுந்தும். திரும்ப வேண்டிய முனையில் பாக்-மேன் நேராகப் போய்விடும்.

ஒலிக்கு 10-வது முனையும் அதற்கு நேர் பின்னால் இருக்கும் முனையும். இவை நேராக ஸ்பீக்கருக்குப் போவதால் கணினியின் ஒலியை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொடுக்க வேண்டும். இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்ட் அல்ல. இரண்டையும் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

கணினிக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினிப் போர்டை வைப்பவர்கள் பெட்டியின் 5 வோல்ட்டிலேயே அதை ஓட்டலாம். பை 4-க்கு 3 ஆம்பியர் வேண்டும். மெல்லிய வயரில் வோல்ட் வழியிலேயே விழும். அளவைப் பவர் சப்ளையில் பார்க்காமல், ஆட்டம் ஓடும்போது பையின் முனையில் பாருங்கள், அங்கே 5.1 இருந்தால் சரி. ஆர்கேட் பெட்டியை யாரும் முறையாக ஷட்டவுன் செய்வதில்லை, ஸ்விட்சைத்தான் அணைப்பார்கள். ஆகவே எல்லாம் அமைத்து முடித்த பின் எஸ்டி கார்டை எழுத முடியாத நிலைக்கு மாற்றும் ஓவர்லே அமைப்பை இயக்குங்கள். கணினியாக இருந்தால் மின்சாரம் வந்ததும் தானாக எழும்படி பயாஸில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட வேண்டும்.