வெறுங்கையோடு வந்து நிற்கும் குழந்தை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒண்ணாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “ஆட்டிசம் உள்ள பையன். காது நல்லாக் கேக்கு. எல்லாரும் நோட்ட எடுங்கன்னா அவன் மட்டும் எடுக்க மாட்டேங்கான். வேணும்னே செய்யுதானா?”

இல்லை. ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் தானும் உண்டு என்பது இக்குழந்தைகளில் பலருக்குத் தானாகப் புலப்படுவதில்லை. பக்கத்தில் போய் முதலில் பெயரைச் சொல்லுங்கள், பிறகு வேலையைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பார்ப்பதிலேயே கவனம் தீர்ந்துபோகும்.

அடுத்தது நம் மொழியின் அமைப்பு. “பைக்குள்ள இருக்க கணக்கு நோட்ட எடுத்து மேசையில வச்சிட்டு வால மக்கா.” இதில் பை, நோட்டு, மேசை எல்லாவற்றையும் வரிசை குலையாமல் மனத்தில் பிடித்துக்கொண்டு, கடைசியில் வரும் வினைமுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒலியோ வந்த கணமே மறைந்துவிடுகிறது. கையில் மிஞ்சுவது ‘வா’ மட்டும். குழந்தை வெறுங்கையோடு வந்து நிற்கிறது. அது சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறது! ஆங்கில ஏவலில் வினை முன்னால் நிற்கும். ஆட்டிசம் ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் நடந்தவை. காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளி நடத்தும் பாளையங்கோட்டையில், தமிழ் ஏவல் இக்குழந்தைகளுக்கு எப்படிப் புரிகிறது என்று தமிழ் வகுப்பறையை வைத்து ஆய்வு செய்யப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நீண்ட ஏவலை உடையுங்கள். “நோட்ட எடு.” அவ்வளவுதான். பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், வாய் திறக்காமல். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மூன்று விநாடிக்குள் “எடுப்பா”, “பையத் திற”, “சொல்லுதேம்லா” என்று அடுக்குகிறோம். நமக்கு அது ஒரே ஏவல், குழந்தைக்கு நான்கு. முதல் வாக்கியத்தைப் பாதி பிரித்திருக்கும்போது இரண்டாவது வந்து கலைக்கிறது. திரும்பச் சொல்வதானால் அதே சொற்களில், அதே தொனியில் சொல்லுங்கள். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நட’ நல்லது. செய்ய வேண்டியது அதில்தான் இருக்கிறது.

கூடவே படம். மறையாமல் நிற்பதுதான் அதன் பலம். மூன்று அங்குல அட்டையில் நோட்டின் புகைப்படத்தை ஒட்டிக் காட்டுங்கள். படம் பிடிபடாத குழந்தைக்குப் பொருளையே காட்டலாம்: சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு.

பேச்சு வரட்டும் என்று நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும் கயிறு மந்திரிப்பதிலும் கழியும் மாதங்கள் எனக்கு வேதனை தருகின்றன. மூளை வேகமாகக் கற்கும் வயது அது.

பத்து எண்ணியும் அசைவில்லையா? பின்னால் நின்று, பேசாமல், குழந்தையின் கையை மெல்ல நோட்டின் மேல் வையுங்கள். சில நாளில் முழங்கையைத் தொடுவது போதும். பிறகு விரலால் சுட்டுவது. பிறகு படம் மட்டும். உதவியை இப்படிக் குறைக்காமல் விட்டால், ஏவல் காதில் விழுந்ததும் உங்கள் கைக்காகக் காத்திருக்கக் குழந்தை பழகிவிடும். நாளுக்குப் பத்து முறை சொல்லி, உதவியில்லாமல் செய்ததைக் கோடு போட்டு வாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எட்டுக் கோடு விழுந்ததும் “மேசையில வை” என்பதைத் தொடங்கலாம்.