600 டன் டம்பர் ஓடும் ரோடு ஒரு மழைக்கு ஏன் உடைகிறது?

கேட்டர்பில்லர் 797எஃப் என்று ஒரு சுரங்க டம்பர் இருக்கிறது. முழுச் சுமையோடு சுமார் 620 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து நான்கு டயர்கள் மேல் இறங்கும், அதாவது ஒரு டயருக்கு 100 டன்னுக்கும் மேல். நம்ம ஊர் லாரி டயருக்கு இது 3, 4 டன்தான். இந்த டம்பர் ஓடும் ரோட்டில் பெரும்பாலும் தார்கூட இருக்காது. சுரங்கத்தில் வெடி வைத்து உடைத்த கழிவுக் கல்லைக் கொட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் களிமண் கலந்த சரளையைப் பரப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.

காய்ந்திருக்கும்வரை அது தாங்கும். கல்லும் கல்லும் உரசிப் பிடித்துக்கொள்வதுதான் அதன் பலம். இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் டயரின் அழுத்தம் தண்ணீர் மேல் ஏறும், தண்ணீர் கற்களை விலக்கும், பிடி தளரும், நுண்மண் சேறாக மேலே பிதுங்கும். டயர் தடம் பள்ளமாகும், பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கும். 10 சதவீத ஏற்றத்தில் உருளும் தடை, அதாவது சக்கரம் உருளும்போது தரை பின்னிழுக்கும் இழுப்பு, வண்டி எடையில் 2 சதவீதம் என்றால் இன்ஜினுக்கு அது 12 சதவீத ஏற்றம் மாதிரி. டயர் புதைந்து தடை 4 ஆனால் ஏற்றம் 14 ஆனதற்குச் சமம், வண்டி ஊரும், டீசல் கரையும்.

அதனால்தான் ரோட்டை நடுவில் உயர்த்தியோ ஒருபக்கமாகச் சாய்த்தோ 2 சதவீதம் போல வாட்டம் விடுகிறார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டம்பர் சரிவில் உருண்டுவிடாமல் இருக்க ஆள் உயரத்துக்கும் மேல் மண் வரப்பு கட்டுவார்கள். வயல் வரப்பு செய்யும் வேலையையே இதுவும் செய்யும், தண்ணீரை உள்ளேயே மறித்துவிடும், அப்புறம் ரோடே வாய்க்கால்தான். ஆகவே வரப்பில் அங்கங்கே திறப்பு விட வேண்டும், அதுவும் டயர் நுழைய முடியாத அகலத்தில்.

ஓடையைக் கடக்கும் இடம்தான் பெரிய தலைவலி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவை எடுத்துக்கொள்வோம். இரும்புத்தாது பூமி. ஓடைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், கோடையில் ஒரு புயல் வந்தால் வருடத்து மழையில் பெரும்பங்கை ஓரிரு நாளில் கொட்டிவிட்டுப் போகும். ஒரு சதுர கிலோமீட்டர் பாறை நிலத்தில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை, அதில் பாதி ஓடிவருகிறது என்று வைத்துக்கொண்டால்கூட நொடிக்கு 8,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை நொடிக்குள் நிரம்பிவிடும். இதை ரோட்டுக்கு அடியில் கடத்த 1.2 மீட்டர் விட்டக் குழாய் மூன்று நான்காவது வேண்டும். இருவழி ரோடு டம்பர் அகலத்தைப் போல மூன்றரை மடங்கு, அதாவது 33 மீட்டர் போல. இருபுறச் சரிவையும் சேர்த்தால் ஒவ்வொரு குழாயும் 40, 50 மீட்டர் நீளும். வெள்ளம் இழுத்துவரும் மரமும் புதரும் வாயை அடைத்துவிட்டால் அந்த ரோடு அணைக்கட்டாகிவிடும், யாரும் அணையாக வடிவமைக்காத அணை.

சரி, எவ்வளவு பெரிய வெள்ளத்துக்குக் கட்டுவது? சுரங்கத்தின் ஆயுள் 15 வருடம் என்றால், பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் அதற்குள் ஒருமுறையாவது வர 79 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூறு வருட வெள்ளத்துக்கு 14 சதவீதம்தான். அந்த 14 சதவீதத்துக்காகக் கோடிகளைக் கொட்டுவதைவிட, ஒருநாள் வண்டிகளை நிறுத்தினால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடுவது புத்திசாலித்தனம் என்பேன்.

அந்தக் கணக்கில் பல இடங்களில் ஜெயிப்பது தரைப்பாலம். ரோட்டையே ஓடை மட்டத்துக்குத் தாழ்த்தி, சின்ன நீரோட்டத்துக்கு மட்டும் குழாய் வைத்து, பெரிய வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும் என்று விடுவது. அங்கே வரப்பும் கூடாது, அது வெள்ளத்தை மறிக்கும். வெள்ளம் வரும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம்தான் ஆபத்தானது. அங்கே தண்ணீர் குப்புற விழுந்து அடிவாரத்தைத் தோண்டும், குழி பின்னோக்கி ரோட்டுக்கு அடியில் நகர்ந்து வரும். அதற்காக அந்த ஓரத்தில் பெரிய பாறைகளை ஆழமாகப் பதிக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் மேல்பரப்பு சமமாக, நல்லபடியாகவே தெரியும். அதை நம்பி முதல் டம்பரை விட்டுவிடக் கூடாது, இறங்குபக்கம் போய்க் குனிந்து அடியில் குடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.