மோட்டிவ் என்றால் உள்நோக்கமா?

"அவளுக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் உள்நோக்கம் இல்லை."

ஒரு துப்பறியும் தொடருக்கு யாரோ எழுதிய, திரையின் அடியில் ஓடும் தமிழ் வசன வரி (சப்டைட்டில்) இது. பணக்காரர் ஒருவர் மாடியறையில் செத்துக் கிடக்கிறார். அவரிடம் கணக்கு எழுதிய பெண்ணின் மீது சந்தேகம். ஆய்வாளர் தன் உதவியாளரிடம் இப்படிச் சொல்கிறார். கூடப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் சட்டென்று, "பார்த்தீங்களா, இன்ஸ்பெக்டர் விழுந்துட்டார். கள்ளம் கபடம் இல்லாதவன்னு அவளுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறார்" என்றார். இன்னொருவர் மறுத்தார். அப்புறம் அரை மணி நேரம் ஆய்வாளருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் என்ன என்பதே பேச்சு. பொறுக்க முடியாமல் பின்னால் ஓட்டி, வரியை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். ஆய்வாளர் சொன்னது "மோட்டிவ் இல்லை" என்று. அவரைக் கொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, அவ்வளவுதான். காதலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை.

இந்த 'உள்நோக்க'த்தை நான் பார்ப்பது இது முதல் தடவையல்ல. பத்துத் தொடர் பார்த்தால் எட்டில் இருக்கிறது. இனியும் சும்மா இருந்தால் சரிப்படாது.

சொல்லின் பூர்வீகம் சுருக்கமானது. லத்தீனில் 'மோவேரே' என்றால் அசைத்தல், நகர்த்துதல். அதிலிருந்து 'மோட்டிவஸ்', அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு மோட்டிவ். மோட்டார், எமோஷன் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். ஒருவனை இருந்த இடத்திலிருந்து அசைத்து ஒரு காரியத்தில் இறக்கிவிடுவது எதுவோ அது மோட்டிவ். நல்லதா கெட்டதா, ஒளிந்திருக்கிறதா வெளியில் தெரிகிறதா என்பதைப் பற்றிச் சொல்லுக்குக் கவலையே இல்லை.

இப்போது நம் உள்நோக்கத்துக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது? "இது அரசியல் உள்நோக்கம் கொண்டது." "நான் எந்த உள்நோக்கத்தோடும் சொல்லவில்லை." அதாவது வெளியே ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைத்திருப்பது. இது ஒரு குற்றச்சாட்டு. உள்நோக்கம் இருக்கிறது என்றாலே ஆள் சரியில்லை என்று பொருள். இல்லை என்றால் நல்ல மனுஷி. என் நண்பர் தப்பாகப் படிக்கவில்லை. தமிழ் தெரிந்தவர் எப்படிப் படிப்பாரோ அப்படியே படித்தார்.

கொலைகாரனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, தம்பியைக் கொன்றவனைக் குத்துகிறான் ஒருவன். உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறான்? எல்லாமே வெளியில்தான் இருக்கிறது. மோட்டிவ் உண்டு, உள்நோக்கம் இல்லை. இன்னும் மோசம், நல்ல பாத்திரங்களின் கதி. ஓய்வுபெற்ற துப்பறிவாளர் பழைய வழக்கை ஏன் மறுபடி தோண்டுகிறார் என்று ரசிகர்கள் அலசுவார்கள். அதை "துப்பறிவாளரின் உள்நோக்கம்" என்று எழுதிவிட்டால் போச்சு, சந்தேக நபர் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிடும்.

சரி, 'உள்'ளை வெட்டிவிட்டு 'நோக்கம்' என்று வைத்தால் என்ன என்பார்கள். அதற்கு இரண்டு தடைகள். முதலாவது, அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. "கொல்லும் நோக்கத்துடன் தாக்கினார்" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அங்கே நோக்கம் என்பது செய்தவன் கொல்லத்தான் நினைத்தானா, கைதவறிப் பட்டதா என்பது. சட்டத்தில் அது ஒரு கேள்வி, ஏன் கொல்ல நினைத்தான் என்பது வேறு கேள்வி. நோக்கத்தைத் தூக்கி மோட்டிவுக்குக் கொடுத்துவிட்டால் முதல் கேள்விக்குச் சொல்லில்லாமல் நிற்போம். நீதிமன்றக் காட்சி வந்ததும் வசன வரிகள் குழம்பிப்போவது இதனால்தான்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. நோக்குதல் என்றால் பார்த்தல். "இருநோக்கு இவளுண்கண் உள்ளது" என்று குறள் சொல்வதும் பார்வையைத்தான். நோக்கம் முன்னால் பார்க்கும்: சொத்து வேண்டும், பதவி வேண்டும், வாயை அடைக்க வேண்டும். ஆனால் மோட்டிவில் பாதி பின்னால் இருக்கிறது. பழைய அவமானம், செத்துப்போன தங்கை, ஆறாத பொறாமை. "சொத்துக்காகக் கொன்றான்" என்கிறோம். "பொறாமைக்காகக் கொன்றான்" என்று யாராவது சொல்கிறோமா? "பொறாமையால் கொன்றான்". எதற்காக என்பது ஒன்று, எதனால் என்பது ஒன்று. நன்னூல் இந்த இரண்டையும் தனித்தனி வேற்றுமைகளில் வைத்திருக்கிறது: 'பொருட்டு' நான்காம் வேற்றுமையில், 'ஏது' ஐந்தாம் வேற்றுமையில். மோட்டிவ் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சொல். நோக்கத்தின் கைக்கு ஒன்றுதான் எட்டும்.

'தூண்டுதல்' நல்ல சொல்தான். ஆனால் "தூண்டுதலின் பேரில்" என்றதும் தூண்டிய இன்னொரு ஆளைத் தேடுவோம். 'முகாந்திரம்' என்றார் ஒரு நண்பர், கம்பீரமாக. அது வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறதா என்பது. கொல்லக் காரணம் இருந்ததா என்பதல்ல.

இவ்வளவு சுற்றத் தேவையே இல்லை. "கொலைக்கான காரணம் குறித்துப் போலீசார் விசாரித்து வருகின்றனர்" என்று செய்தியாளர்கள் தினமும் எழுதுகிறார்களே, அந்தக் காரணம்தான் இது. எதற்காக, எதனால் இரண்டும் அதில் அடங்கும். காரணம் வடசொல் ஆயிற்றே, கரணியம் என்று போடுங்கள் என்போர் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வசன வரி திரையில் நிற்பதோ இரண்டு மூன்று விநாடி. அதற்குள் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். ஆய்வாளரின் வரியை நான் எழுதியிருந்தால்: "கொல்ல அவளுக்குச் சந்தர்ப்பம் இருந்தது. காரணம்தான் இல்லை." ('வாய்ப்பு இருந்தது' என்றால் ஏதோ சினிமாவில் நடிக்கக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.) பாத்திரத்தின் மனசை அலசும் கட்டுரைகளுக்கு 'உந்துதல்' பொருந்தும். அசைத்தல் என்ற மூலப் பொருளுக்கும் அதுவே கிட்டத்தில் நிற்கிறது.

மொழிபெயர்ப்பவர்களின் கைப்பழக்கம் இது. ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அகராதியில் கிடைக்கும் முதல் கல்லை எடுத்து எறிவது. இன்ஃப்ளூயன்ஸ் என்று வந்தால் போதும், 'தாக்கம்'. ட்வின் பீக்ஸ் தொடரில் ஒற்றைக் கை மனிதர் ஒருவர் வருவார், பெயர் ஃபிலிப் ஜெரார்ட். 1963-இல் தொடங்கிய தி ஃப்யூஜிடிவ் தொடரில் கதாநாயகன் தேடும் கொலைகாரனுக்கு ஒற்றைக் கை. கதாநாயகனைத் துரத்தும் அதிகாரியின் பெயர் ஃபிலிப் ஜெரார்ட். இது பழைய தொடரை வேண்டுமென்றே எடுத்தாண்டது. இதையும் 'தாக்கம்' என்கிறார்கள். யார் யாரைத் தாக்கினார்கள்? சாயல், தழுவல், எடுத்தாளல் என்று படிப்படியாகச் சொல் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அடி.

ட்வின் பீக்ஸ் என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் 1990-இல் கொண்டுவந்த தொடர் அது. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தொடரின் மையமான கொலையில் லாரா பாமர் என்ற பெண்ணைக் கொன்றது அவள் அப்பா லீலண்ட். அவருக்குள் குடியேறியிருந்தது பாப் என்ற கெட்ட ஆவி. அப்பாவுக்கு என்ன காரணம், எல்லாம் ஆவியின் வேலையா, ஆவி என்பதே அவர் சொல்லிக்கொண்ட சாக்கா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். காரணம், உந்துதல் எதை வைத்தாலும் யாருடையது என்ற கேள்வி பாக்கி நிற்கும். பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சொல்வோமே, 'ஏவல்', அது ஓரளவு ஒத்துவரும். லீலண்ட் கண்ணாடியைப் பார்க்கும்போது அதில் தெரிவது பாப்பின் முகம். உள்ளே இருந்துகொண்டு இன்னொருவன் நோக்குகிறான். சரி, அந்த ஒரு காட்சிக்கு மட்டும் உள்நோக்கம் என்று போட்டுக்கொள்ளட்டும்.